பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டாமா?

கேள்வி: மின்சாரமோ தண்ணீரோ நின்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே! சாதாரண மக்கள் முன்கூட்டியே சேர்த்துவைப்பது வீண் பயம்தானே?

பதில்: 'பார்த்துக்கொள்ளலாம்' என்கிறீர்கள். எதை வைத்துப் பார்ப்பீர்கள்? இருட்டில் டார்ச்சைத் தேடவே இன்னொரு டார்ச் வேண்டும். கிடைத்துவிட்டாலும் எரியுமா என்பது சந்தேகம். மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் அல்கலைன் பேட்டரி கசியலாம். அதிலிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்பிரிங்கை அரித்து வெள்ளையாகப் பூத்துவிடும். பேட்டரியைக் கழற்றி, டார்ச்சோடு ஒரே பையில் போட்டு, கை பழகிய ஓரிடத்தில் வையுங்கள். கசிந்துவிட்டதா? வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். புதுசையும் பழசையும் சேர்த்துப் போடாதீர்கள். பழசு முதலில் தீரும், அதுதான் முதலில் கசியும்.

'மெழுகுவர்த்தி போதாதா?' என்று எழுதும் வாசகர்களோடு எனக்குப் பழைய வழக்கு. போதாது ஐயா. எரிவாயு கசிந்திருக்கலாம், குழந்தை தட்டிவிடலாம், தீயணைப்பு வண்டி வேறெங்கோ சிக்கியிருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் நெருப்பு எதற்கு? ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டுவது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. வெளியே, ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

மின்சாரம் ஒருபோதும் தனியாகப் போவதில்லை. பம்ப் நிற்கும், தொட்டி வற்றும். சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். 2025 ஏப்ரல் 28, ஸ்பெயின் நேரப்படி பகல் 12.33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் சில நொடிகளில் இருண்டன. ரயில்கள் நின்றன, சாலை சிக்னல்கள் அணைந்தன, செல்போன்கள் செத்தன. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவர்களைச் சுற்றித் தெருவில் கூட்டம் நின்றது. வசதி குறைந்த நாடுகளா அவை?

அரசு வரும், உதவியும் வரும். ஆனால் ஆக்சிஜன் கருவியை நம்பிப் படுத்திருப்பவரிடம் அது முதலில் போக வேண்டும். மூன்று நாளைக்குத் தண்ணீர் வைத்திருக்கும் குடும்பம் அந்த வரிசையில் நிற்காது. அதனால்தான் இதைப் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடிந்தவர்கள் ஒதுங்கி நின்றால்தான் முடியாதவர்களுக்கு வழி கிடைக்கும்.

தண்ணீர்க் கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 48 லிட்டர். ஒரே பெரிய டிரம்மில் நிரப்பினால் யாராலும் தூக்க முடியாது. 10 லிட்டர் கேன்களே நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். காலிப் பால் பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும் உள்ளே ஒட்டியிருப்பதில் கிருமி வளரும். சந்தேகமான தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பில்லையென்றால், வாசனை சேர்க்காத 5–6 சதவீத ப்ளீச் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்) லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் வையுங்கள். லேசான குளோரின் வாடை வர வேண்டும்.

பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் குறையும். இன்சுலினைப் பனிக்கட்டிமேல் நேராக வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால் உருகினாலும் பயன்படாது.

20,000 mAh (மின்சாரம் தேக்கும் அளவு) என்று போட்ட பவர் பேங்க் முழுதாக 20,000 தராது. அது உள்ளே 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது எண்ணிக்கை குறையும், கொஞ்சம் சூடாகவும் வீணாகும். கையில் வருவது ஏறத்தாழ 13,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் செய்துவையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: உங்கள் செல்போன் செத்துவிட்டால் எத்தனை எண்கள் நினைவிலிருந்து வரும்? ஐந்து எண்களையாவது இன்றே காகிதத்தில் எழுதி, டார்ச் இருக்கும் பையிலேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். நனைந்தால் பேனா மை கரையலாம், பென்சில் எழுத்து கரையாது.