கசியும் மைட்ரல் வால்வு: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு வால்வில் 'நூல் அறுந்துவிட்டது' என்கிறார் டாக்டர். அதை ஒட்டவைக்க முடியுமா?

ஒட்டவைப்பதில்லை, புதிதாகக் கட்டுகிறோம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவுபோல இருக்கும் மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களையும் மெல்லிய நாண்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒன்று அறுந்தால் இதழ் மேலறைப் பக்கம் மடங்கி, இதயம் சுருங்கும்போதெல்லாம் ரத்தம் பின்னால் பாயும். அந்த நாணின் இடத்தில் கோர்டெக்ஸ் என்ற செயற்கை இழையைக் கட்டும் முறை 1980களிலிருந்து இருக்கிறது. நாளடைவில் நம் திசுவே அதன்மேல் படர்ந்துவிடும். சிரமமெல்லாம் நீளத்தில்தான்: கூடினாலும் கசியும், குறைந்தாலும் கசியும். அதனால் கீழறையில் சலைனை நிரப்பிப் பார்ப்போம். இதயம் துடிக்கத் தொடங்கியதும் உணவுக்குழாய் வழியே எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுப்போம். விரிந்த வால்வு வாயைச் சுற்றி ஒரு வளையமும் தைப்பது வழக்கம். பிரான்ஸின் அலென் கார்பென்டியே 1960களின் இறுதியில் கொண்டுவந்த முறை அது.

கடுமையான கசிவு என்கிறார்கள். எனக்கோ மூச்சிரைப்பே இல்லை. காத்திருக்கலாமா?

எக்கோ அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இழுத்துத் தள்ளும் திறன் (இ.எஃப்., அதாவது கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் பங்கு) 60 சதவீதம் என்றிருந்தால் "நார்மல்" என்று நிம்மதி அடையாதீர்கள். கசிவு உள்ளவருக்கு ரத்தம் எளிதாகப் பின்னாலும் போவதால், அந்த எண் பலவீனத்தை மறைத்துவிடும். திறன் 60 அல்லது அதற்குக் கீழ், இல்லையேல் சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால், தொந்தரவே இல்லாவிட்டாலும் அறுவைச் சிகிச்சைக்கான நேரம் வந்துவிட்டது. தாமதித்தால் தளர்ந்த தசை முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். வால்வை மாற்றாமல் சரிசெய்ய வாய்ப்புண்டா, இத்தகைய கேஸ்களை அடிக்கடி செய்கிறாரா என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்.

மகளுக்கு 24 வயது, ருமாட்டிக் காய்ச்சலால் வந்த கசிவு. உலோக வால்வு போடலாமா?

குழந்தை பெறும் ஆசை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உலோக வால்வுக்கு ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை தேவை. அது கருவைப் பாதிக்கலாம். விலங்குத் திசுவால் செய்த வால்வு இளவயதில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் சரிசெய்ய முடிந்தால் அதுவே என் முதல் தேர்வு. ஆனால் ருமாட்டிக் இதழ்கள் தடித்துச் சுருங்கியிருக்கும், எல்லாருக்கும் கைகூடாது. எதைச் செய்தாலும், ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்கப் போடும் பென்சிலின் ஊசியை நிறுத்தக் கூடாது.

வளையம் வைத்திருக்கிறார்கள். பல் பிடுங்கலாமா?

பிடுங்கலாம். பல் டாக்டரிடம் வளையத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வைத் தாக்காமலிருக்க, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் தருவார். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல், முதலில் ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) கொடுங்கள். மாத்திரை உள்ளே போய்விட்டால் வால்வைத் தாக்கும் கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகக்கூடும்.