ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம், அப்புறம் பிளஸ் டூ

கேள்வி: எனக்கு 17 வயது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் இருக்கிறேன். அப்பா கீழமாரட் வீதியில் லோடுமேன். போன வருடம் மூட்டை இறக்கும்போது முதுகில் அடிபட்டதிலிருந்து வேலைக்குப் போவதில்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் முடித்திருந்தேன். பிளஸ் டூ சேர்ந்த முதல் மாதத்திலேயே நின்றுவிட்டேன். அம்மா இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார், தங்கை ஒன்பதாவது படிக்கிறாள். என் சம்பளம் 11,500. காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் விடுவார்கள். ஆடி, தீபாவளி என்றால் பதினொன்றும் ஆகும். பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதி, பிறகு பி.காம் படிக்க ஆசை. இரவு ஒன்றரை வரை படிக்கிறேன், ஐந்து மணிக்கு எழுந்து மறுபடி உட்காருகிறேன். படித்தது எதுவும் நிற்கவில்லை. கடையில் நின்றபடியே தூங்கிவிட்டு சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறேன். கணக்குப்பதிவியல் குறிப்புகளை பில் சீட்டின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இதற்கு நடுவில் அவசரத்துக்குக் கடையில் 20,000 முன்பணம் வாங்கியிருக்கிறோம். என் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் சர்டிபிகேட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. எனக்கு ஒரு நல்ல டைம் டேபிள் போட்டுத் தருவீர்களா?

பதில்:

தம்பி, டைம் டேபிள் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் கடை, போக வர ஒன்றரை மணி நேரம், குளியல், சாப்பாடு எல்லாம் போக உனக்கு மிஞ்சுவது ஒன்பது மணி நேரம்கூட இல்லை. உன் வயதுப் பிள்ளைக்குத் தூக்கமே எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்லும் அளவு இது. நீ தூங்குவதோ மூன்றரை மணி நேரம். பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வது பெரும்பாலும் தூக்கத்தில்தான் நடக்கிறது. நீ ராத்திரி ஒன்றரை வரை படிப்பது காலையில் நிற்காததற்குக் காரணம் இதுதான். உனக்குப் புத்தி மட்டு என்று மட்டும் நினைத்துவிடாதே. நின்றபடி தூங்கினாய் என்று திட்டும் சூப்பர்வைசரிடம் உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் வந்து சொல்ல முடிந்தால் சொல்வேன்.

ஆக, எந்த டைம் டேபிள் போட்டாலும் இந்தக் கணக்கு இடிக்கும். வேலை நேரம் குறைந்தால்தான் வழி பிறக்கும்.

உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். பதினெட்டு வயது முடியாதவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 1986-இல் வந்தது, 2016-இல் திருத்தினார்கள். அதன்படி உன்னை ஒரு நாளில் இடைவேளையும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலையில் வைக்கக்கூடாது. தொடர்ந்து மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலையே கூடாது. ஓவர்டைமும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை உண்டு. நீ எழுதியதைப் பார்த்தால் உன் கடையில் இதையெல்லாம் மதிப்பதாகத் தெரியவில்லை. இன்னொன்று: கடைகளில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆள் இல்லாத நேரத்தில் உட்காரச் சட்டமே இடம் கொடுக்கிறது.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நில் என்று நான் சொல்லவில்லை. மறுநாளே வேலை போனால் அரிசி வாங்குவது யார் என்ற உன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவதற்கும், பிச்சை கேட்பதுபோல் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு.

முதலில் சர்டிபிகேட். வேறு எதையும் பேசுவதற்கு முன்னால் அதை வாங்கு. தேர்வு விண்ணப்பத்துக்கும் பள்ளிக்கும் அது வேண்டும். ஒருவருடைய ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் கடைக்கும் உரிமை கிடையாது. சண்டை போடாமல் கேள்: "அண்ணாச்சி, பரீட்சைக்கு அப்ளை பண்ண ஒரிஜினல் வேணும், ஜெராக்ஸ் நீங்க வச்சுக்கங்க." கூட உன் தாய்மாமாவோ, தெருவில் மதிப்புள்ள ஒரு பெரியவரோ வரட்டும். தனியாகப் போகாதே. இதற்கிடையில் அரசின் டிஜிலாக்கர் செயலியில் உன் மதிப்பெண் சான்றிதழைத் தேடி எடுத்து வைத்துக்கொள்.

முன்பணத்தைப் பற்றி நீ மிகவும் பயப்படுகிறாய் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. கடன் கடன்தான், அடைக்க வேண்டியதுதான். ஆனால் முன்பணம் கொடுத்தோம் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. இதுவரை எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், பாக்கி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். இனிமேல் ஒரு ரூபாய்கூட முன்பணம் வாங்காதே. தீபாவளிக்கு அவர்களாகவே நீட்டினாலும் வேண்டாம். மிரட்டலோ அடியோ வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடு. பதினெட்டு வயது ஆகும் வரை அந்த எண் உனக்கானதுதான்.

சரி, படிப்புக்கு வருவோம். நீ தனித்தேர்வராக எழுதப் பார்க்கிறாய். எழுதலாம். கல்வி மாவட்டங்களில் அரசுத் தேர்வுகள் சேவை மையங்கள் இருக்கின்றன, விண்ணப்பம் அங்கேதான். ஆனால் என்னைக் கேட்டால், உன் பழைய பள்ளிக்கே திரும்பிப் போ என்பேன். பிளஸ் ஒன் முடித்தவன் நீ. தலைமை ஆசிரியரைப் பார்த்து, அப்பாவுக்கு அடிபட்டதால் நின்றேன், மறுபடி சேர வேண்டும் என்று சொல். இடைநின்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கச் சொல்லி அரசே பள்ளிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நீயாகப் போனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். டுடோரியலுக்குக் கட்டும் பணம் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்கள் கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உன் தங்கைக்கு இதே தொகை புதுமைப் பெண் திட்டத்தில் வரும். அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டாம் ஷிப்ட் மதியத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும். அதற்குள் உனக்குப் பதினெட்டும் முடிந்திருக்கும். காலையில் ஒரு வேலை, மதியம் பி.காம் என்று அப்போது தாராளமாக ஓட்டலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆக, குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டியது ஒரே ஒரு வருடம்.

அந்த ஒரு வருடத்தை எப்படித் தாண்டுவது? சனி, ஞாயிறு பகலில் மட்டும் கடைக்கு வருகிறேன், பள்ளி விடுமுறையில் கூடுதல் நாள் வருகிறேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டுப் பார். சேலை மடிக்கவும் விரிக்கவும் பழகிய பையனை ஜவுளிக்கடைக்காரர்கள் லேசில் விடமாட்டார்கள். கூட்டமே சனி ஞாயிறுதான் என்பதால் இது அவர்களுக்கும் தோதாக இருக்கும். சம்பளம் பாதிக்கும் கீழே போய்விடும். மாதம் ஏழெட்டாயிரம் துண்டு விழும்.

அந்தப் பள்ளத்தை நீ ஒருவனே நிரப்ப வேண்டும் என்று எவனும் விதிக்கவில்லை. அப்பா உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேள். சுமைதூக்கும் தொழிலாளர்கள் அதில் வருவார்கள். பதிவு இருந்தால் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை என்று விண்ணப்பிக்க வழி உண்டு. தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள். அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறதா? மகளிர் குழுவில் இருந்தால் கந்துவட்டிக்குப் போகாமல் குழுக் கடன் வாங்கலாம். அப்பா மூட்டை தூக்க வேண்டாம், ஆனால் உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஒரு வாட்ச்மேன் வேலையாவது முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதைப் பிள்ளை அப்பாவிடம் சொல்வது கஷ்டம். மாமாவை விட்டுச் சொல்லச் சொல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து வீட்டு வரவு செலவைத் தாளில் எழுதுங்கள். நீயும் அதில் உட்கார வேண்டும். இந்த வீட்டுக்கு ஒரு வருடம் சோறு போட்டவன் நீ.

எவ்வளவு முயன்றும் பள்ளி ஒத்துவரவில்லை என்றால் தனித்தேர்வு. அப்போதும் கடை நேரம் ஏழு மணிக்கு முடிய வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதே. இந்தக் கடை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சம்பளம் குறைந்தாலும் நேரத்துக்கு விடுகிற வேறு கடையைப் பார். நடுவில் யாராவது வந்து, பிளஸ் டூ எதற்கு, நேராக டிகிரி வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் காதில் வாங்காதே. பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இல்லாத டிகிரியை தமிழ்நாட்டு அரசு வேலைக்கு ஏற்க மாட்டார்கள்.

உன் பில் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அருமையான வேலை அது, விடாதே. ஒரே ஒரு மாற்றம் செய். பின்பக்கத்தில் பதிலை எழுதாதே, கேள்வியை எழுது. 'பழைய கூட்டாளி விலகினால் நற்பெயரை எப்படிச் சரிக்கட்டுவது?' என்று மட்டும் இருக்கட்டும். ஸ்டாக் அடுக்கும்போது மனசுக்குள் பதில் சொல்லிப் பார். வரவில்லை என்றால் அந்தச் சீட்டை வலது பையில் போடு, வந்தால் இடது பையில். ராத்திரி வீட்டில் வலது பைச் சீட்டுகளுக்கு மட்டும் புத்தகத்தைத் திற. ஒரு மணி நேரம் போதும், பதினொன்றுக்கு விளக்கை அணைத்துவிடு. கணக்குப்பதிவியலில் முதல் பாடமே முழுமை பெறா பதிவேடுகள். துண்டுச் சீட்டிலும் நோட்டிலும் வரவு செலவு எழுதுகிற சின்னக் கடைகளை விளக்குத்தூணில் நீ தினமும் பார்க்கிறாய். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறும் கணக்கு. நீ அதைக் கண்ணால் பார்த்தவன்.

முதலில் சர்டிபிகேட், அடுத்து தலைமை ஆசிரியர். இந்த இரண்டும் முடிந்ததும் எனக்கு மறுபடி எழுது. பிளஸ் ஒன்னில் எந்தப் பாடத்தில் எவ்வளவு மதிப்பெண் என்பதையும், அப்பாவின் வாரியப் பதிவு என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுது. அதை வைத்துப் பாடம் பாடமாகப் பேசுவோம்.