சோனிக் 2: கேம் கியரில் முதல் பாஸே தாண்டவிடாதது ஏன்?

கேள்வி: செகாவின் பழைய கைக்கருவியான கேம் கியரில் சோனிக் 2 வீடியோ கேம் ஆடுகிறேன். அண்டர் கிரவுண்ட் மூன்றாம் பகுதியில், சரிவின் அடியில் இருக்கும் கொடுக்குப் பூச்சி பாஸிடம் (கட்டத்தின் இறுதி எதிரி) தினமும் சாகிறேன். நண்பர் செகாவின் டிவி கருவியான மாஸ்டர் சிஸ்டத்தில் சுலபமாகத் தாண்டிவிட்டார். என் கருவியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. உங்கள் கை மந்தம் என்றும் நினைக்க வேண்டாம். 1992இல் இரண்டுக்கும் வந்தது ஏறக்குறைய ஒரே ஆட்டம்தான். உள்ளே மூளையாக இருப்பதும் அதே இசட்80 சிப். வண்ணத்தில் கேம் கியரே ஒரு படி மேல்: மாஸ்டர் சிஸ்டத்துக்கு 64 வண்ணங்கள், இதற்கு 4096.

குறைந்தது திரை. மாஸ்டர் சிஸ்டம் காட்டுவது 256×192 பிக்சல். கேம் கியர் 160×144, அதாவது பாதிக்கும் கீழே. திரைக்கேற்ப சோனிக்கைச் சிறிதாக வரைந்திருந்தால் பரவாயில்லை. அதே அளவில் விட்டுவிட்டு ஓரங்களை வெட்டிவிட்டார்கள். சோனிக் நடுவில் நின்றால் இடப்பக்கம் மட்டும் 48 பிக்சல் போச்சு; 8 பிக்சல் கட்டங்களாக எண்ணினால் ஆறு கட்டம். இந்த பாஸில் உருண்டைகள் குதித்து வருவதே இடப்பக்கத்திலிருந்துதான்! நண்பர் உருண்டையின் குதிப்பைப் பார்த்துத் தாவுகிறார்; உங்களுக்கோ அது தெரியும்போதே தலைமேல். மூன்றாம் பகுதியில் அடியிலிருந்து காக்கும் வளையங்களும் கிடையாது, ஒரே அடியில் உயிர் போய்விடும். முதல் பாஸிலேயே இப்படி விட்டது வடிவமைப்புப் பிழை என்றே சொல்வேன்.

ஆடும்போது பாஸைப் பார்க்காதீர்கள், இடது ஓரத்தைப் பாருங்கள். பாஸை நீங்கள் அடிக்க வேண்டியதில்லை. நீங்கள் தப்பவிடும் உருண்டைகளே அதை அடிக்கும். சரிவு வலப்பக்கம் இழுக்கும், கொடுக்கில் பட்டால் முடிந்தது. அதனால் இடது பொத்தானைத் தட்டித் தட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உருண்டை உயரமாக வந்தால் அசையாமல் கீழே நின்று விட்டுவிடுங்கள். தாழ்வாக வந்தால் மட்டும் தாவுங்கள். பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் தாவுவதால்தான் பலர் சாகிறார்கள்.

படம் மங்கலாக, ஒலி மெலிதாக இருந்தால் அது தனிச் சிக்கல். இந்தக் கருவிகளில் மின்தேக்கிகள் கசிவது வழக்கம். கசிந்த திரவம் போர்டின் தடங்களை அரிக்கும் முன் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய எல்சிடியில் வேகமாக நகரும் உருண்டை இழுபட்டுத் தெரியும், புதிய திரை பொருத்தினால் அது தீரும். ஆனால் வெட்டிய ஓரம் திரும்பாது. பழைய சோனிக் ஆட்டங்களின் தொகுப்பான சோனிக் ஆரிஜின்ஸ் பிளஸ்ஸில் இருப்பதும் கேம் கியர் பதிப்பே. பெரிய டிவியில் ஆடினாலும் அதே 160×144தான்.

கைக்கருவியிலேயே முழுக் காட்சி வேண்டுமானால் வழி உண்டு. மாஸ்டர் சிஸ்டம் கார்ட்ரிட்ஜைக் கேம் கியரில் செருகும் கன்வெர்ட்டர் ஒன்று வந்தது. அதில் 256×192 படம் முழுவதும் சிறிய திரைக்குள் சுருங்கி வரும். நுண்விவரம் கொஞ்சம் கெடும், எழுத்துகள் நசுங்கும். ஆனால் உருண்டை வருவது முன்கூட்டியே தெரியும். எமுலேட்டரில் (பழைய கருவியைப் போலவே இயங்கும் மென்பொருள்) ஆடுபவர் கேம் கியர் ஆட்டக் கோப்புக்குப் பதிலாக மாஸ்டர் சிஸ்டம் கோப்பு ஒன்றையே எடுக்கட்டும். சில எமுலேட்டர்களில் கேம் கியர் திரையை அகலமாக்கும் அமைப்பு இருக்கிறது. அதை நம்ப வேண்டாம், மறைந்திருக்க வேண்டிய ஓரங்களில் குப்பைக் கட்டங்கள் தெரியலாம்.