டைரக்டரி பழுதும் அவசர ரிப்பேரும்

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே உள்ள எங்கள் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஒரே ஒரு விண்டோஸ் சர்வர்தான் இருக்கிறது. மின்தடையின்போது யூபிஎஸ்ஸும் கைவிட, சர்வர் பாதியில் அணைந்துவிட்டது. இப்போது சி00002இ2 என்ற பிழை எண்ணுடன் நீலத்திரை வந்து மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முந்தைய சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (சர்வரின் அமைப்புகளும் கணக்குகளும் அடங்கிய காப்பு நகல்) கைவசம் உண்டு. தரவுக் கோப்புகளைச் சரிசெய்யும் எசென்ட்யூடில் கட்டளையில் ரிப்பேர் ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள், ஓட்டலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: தயவுசெய்து இப்போது ஓட்டாதீர்கள். உங்கள் டொமைனை, அதாவது சர்வரின் கீழ் ஒரே குழுவாக இயங்கும் பயனர்களையும் கணினிகளையும், நிர்வகிக்கும் பதிவேடுதான் ஆக்டிவ் டைரக்டரி. அதன் பயனர், கணினிக் கணக்குகள் யாவும் என்டிடிஎஸ்.டிட் என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. ரிப்பேர் கட்டளை அக்கோப்பில் படிக்க முடியாத பக்கங்களை நீக்கிவிட்டு மிச்சத்தைத் திறக்க வைக்கும். எந்தக் கணக்கு போயிற்று என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

சர்வர் துவங்கும்போது எஃப்8 விசையை அழுத்தி, டைரக்டரியை இயக்காமல் சர்வரைத் திறக்கும் டைரக்டரி சர்வீசஸ் ரெஸ்டோர் மோடுக்குள் செல்லுங்கள். அங்கே டொமைன் அட்மின் பாஸ்வேர்டு செல்லாது. சர்வரை டொமைன் கன்ட்ரோலராக (டைரக்டரியை வைத்து நடத்தும் சர்வராக) ஆக்கிய நாளில் தனியாகக் கொடுத்த பாஸ்வேர்டுதான் வேண்டும். உள்ளே போனதும், விண்டோஸ் கோப்புறையில் உள்ள என்டிடிஎஸ் கோப்புறை முழுவதையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகள் உட்பட, வேறொரு டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்கில் இடம் தீர்ந்திருந்தாலும், கோப்புறையின் அனுமதிகள் மாறியிருந்தாலும் இதே பிழை வரும் என்பதால் அவற்றையும் பாருங்கள்.

அடுத்து, அதே எசென்ட்யூடிலை ரிப்பேருக்குப் பதிலாக ரெகவரி ஸ்விட்சுடன் ஓட்டுங்கள். மின்சாரம் போன நொடியில் டைரக்டரி கோப்பில் எழுதி முடியாமல் நின்ற மாற்றங்களை லாக் கோப்புகளிலிருந்து எடுத்துச் சேர்ப்பதே இதன் வேலை. மின்தடையால் வந்த பழுது பல நேரங்களில் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் பேக்கப்பை ரெஸ்டோர் செய்யுங்கள். நீக்கிய கணக்கின் தடயம் டைரக்டரியில் தங்கும் காலமான டூம்ஸ்டோன் காலத்தைவிடப் பழைய பேக்கப் செல்லாது. அது இயல்பாக 180 நாள் என்பதால் மூன்று மாத பேக்கப் செல்லுபடியாகும். ஒரே சர்வர் என்பதால் சிஸ்வாலையும் (டொமைனின் கொள்கைகளும் லாகின் ஸ்கிரிப்ட்களும் உள்ள கோப்புறை) ஆத்தரிட்டேட்டிவ் முறையில், அதாவது இந்த நகலே மூலம் என்று குறித்து, மீட்க வேண்டும். ஆனால் டொமைனில் உள்ள கணினிகள் 30 நாளுக்கு ஒருமுறை தம் பாஸ்வேர்டைத் தாமே மாற்றிக்கொள்வதாலும், பேக்கப்பில் பழைய பாஸ்வேர்டே இருப்பதாலும், அவற்றில் பல டொமைனுடனான நம்பிக்கைத் தொடர்பு ('டிரஸ்ட் ரிலேஷன்ஷிப்') அறுந்ததாகச் சொல்லி உள்ளே விடா. அவற்றை மறுபடி டொமைனில் சேர்க்க வேண்டும். மாம்பழப் பருவத்துக்கென்று சேர்த்த ஊழியர்களின் கணக்குகள் பேக்கப்புக்குப் பிந்தியவையானால் அவை இருக்கமாட்டா. அதே பெயரில் புதிதாக உருவாக்கினாலும் உள் அடையாள எண் வேறாகிவிடுவதால், ஃபோல்டர் அனுமதிகளைப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். வேலை அதிகம்தான், எனினும் எது போயிற்று என்று தெரிந்து செய்யும் வேலை இது.

பேக்கப்பும் படிக்க முடியாமல் போனால் மட்டுமே ரிப்பேர். அப்படித் திறந்த டைரக்டரியை நம்பி நெடுநாள் ஓட்டாமல், புதிய டொமைன் அமைத்துக் கணக்குகளை அங்கே மாற்றிவிடுங்கள்.

சர்வர் மீண்டதும் முதல் செலவாக இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்றை நிறுவும்படி நிர்வாகத்திடம் அழுத்திச் சொல்லுங்கள். அது இருந்திருந்தால், பழுதானதைக் கழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கும் சர்வர், நல்லதிலிருந்து டைரக்டரி முழுவதையும் தானே நகலெடுத்துக்கொண்டிருக்கும்.