திருவையாறு பக்கத்திலுள்ள என் நிலத்தை அரசு எடுப்பதற்கான நில எடுப்பு அறிவிப்பை நாளிதழில் போடாமல் இணையத்தில் மட்டும் வெளியிட்டால் போதுமா?

போதாது. உங்கள் நிலம் 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டப்படி எடுக்கப்படுவதானால், அதன் 11-ஆம் பிரிவு, முதல்நிலை அறிவிப்பை அரசிதழிலும், அப்பகுதியில் விற்பனையாகும் இரண்டு நாளிதழ்களிலும் (ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும்), ஊராட்சி, வட்டாட்சியர், ஆட்சியர் அலுவலகங்களிலும், அரசின் இணையதளத்திலும் வெளியிடச் சொல்கிறது. ஆகவே இணையம் கூடுதல் வழியே தவிர, மாற்று வழி அன்று. நாளிதழை விடுவதென்றால் சட்டத்தையே திருத்தியாக வேண்டும்.

ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள்களே உள்ளதால், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பட்டாதாரருக்கு இணையம் பெரிதும் உதவும். ஆனால் குறுவை நடவில் நிற்கும் குத்தகைதாரர் எந்தத் தளத்தைத் திறந்து தேடுவார்? டீக்கடை நாளிதழிலாவது ஊர்ப் பெயரும் புல எண்ணும், அந்தப் பொடி எழுத்திலும், தற்செயலாகக் கண்ணில் படுகின்றன.