ஆலோசகரை அளப்பது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாக உளவள ஆலோசகர் ஒருவரிடம் சென்று வருகிறேன். பேசிவிட்டு வரும் நாட்களில் மனம் இலேசாகிறது. என் கணவரோ, "உன் கோபம் கொஞ்சமும் குறையவில்லையே" என்கிறார். நல்ல முன்னேற்றம் என்கிறார் ஆலோசகர். யாருடைய கணிப்பை நம்புவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் ஆறுதலைப் பார்க்கிறீர்கள், கணவர் வீட்டில் உங்கள் நடத்தையைப் பார்க்கிறார், ஆலோசகர் அறைக்குள் நீங்கள் பேசும் விதத்தைப் பார்க்கிறார். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்றாலும், மூன்றுக்கும் ஒரே எடை தர எனக்கு மனமில்லை.

ஆலோசகரின் கணிப்பைத்தான் நான் கடைசியில் வைப்பேன். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யார் யாருடைய நிலை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களையே முன்கூட்டிக் கணிக்கச் சொன்னார்கள். அவர்கள் சுட்டியது 3 பேரை, முடிவில் மோசமானவர்களோ 40 பேர். (தன் உழைப்பின் பலனைத் தானே எடைபோடும் எவருக்கும் இது நேரும், அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.)

ஆலோசகருடனான உறவைப் பற்றி, ஆலோசகர் சொல்வதைவிட ஆலோசனைக்கு வருபவர் சொல்வதற்கே நான் அதிக எடை தருவேன். அந்த உறவில் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் மூன்று கூறுகளைக் கண்டார்: எதை அடையப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கான வழியில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. உங்கள் கடிதத்தில் பிணைப்பு நிறையவே தெரிகிறது, இலக்கு மட்டும் கண்ணில் படவில்லை. கோபத்தைக் குறைக்கத்தான் அங்கே போகிறீர்களா, துக்கத்தையோ பயத்தையோ இறக்கி வைக்கவா? ஆலோசகரிடம் கோபத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிட்டு, அது குறையவில்லை என்பதை வைத்து அவரை மதிப்பிடுவது நியாயமாகாது.

அதே சமயம், மனம் இலேசாவதை மட்டும் பலன் என்று எடுத்துக்கொள்ளவும் தயங்குகிறேன். ஆலோசனை இல்லாமலே காலப்போக்கில் பலர் தேறிவிடுகிறார்கள் என்று உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1952இல் எழுப்பிய ஆட்சேபத்துக்கு, ஆலோசனை பெற்றவர்களே அதிகம் தேறுகிறார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் பதில் சொல்லிவிட்டன; ஆனால் அவை சராசரியைப் பற்றிப் பேசுபவை, உங்கள் ஆலோசகரைப் பற்றி அல்ல. எனவே சில வாரங்களுக்கு, எப்போது குரல் உயர்ந்தது, எவ்வளவு நேரத்தில் தணிந்தது, பிறகு யார் முதலில் பேசினார்கள் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். அந்தக் குறிப்புகளோடு, கணவர் சொன்னதையும் அடுத்த சந்திப்பில் ஆலோசகரிடம் அப்படியே சொல்லுங்கள். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் உங்கள் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.