ஜாவாஸ்கிரிப்டில் எண்களை சார்ட் (sort, வரிசைப்படுத்தல்) செய்தால் 100-க்குப் பிறகு 9 வருவது ஏன்?

இந்தத் தப்பைச் செய்யாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் கவலைப்படாதீர்கள். சார்ட்டை அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் கூப்பிட்டால், அது அரேயில் (மதிப்புகளின் பட்டியலில்) இருக்கும் ஒவ்வொன்றையும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக நினைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடும், அகராதியில் சொற்களை அடுக்குவது மாதிரி. '1' என்கிற எழுத்து '9'-க்கு முன்னால் வருகிறதா, அதோடு வேலை முடிந்தது. பின்னால் எத்தனை பூஜ்யம் நின்றாலும் திரும்பிப் பார்க்காது.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவரின் ட்யூஷனுக்கு ரேங்க் லிஸ்ட் போடும் சின்னப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சார்ட், அப்புறம் வரிசையைத் தலைகீழாக்கும் ரிவர்ஸ், அவ்வளவுதான். டெஸ்ட் செய்ய நான் போட்டதெல்லாம் 45, 62, 87 என்று இரண்டு இலக்க மார்க். எல்லாவற்றிலும் இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகவே வரும் என்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிஜப் பரீட்சையில் ஒரு பெண் 100 வாங்கினாள், ஒரு பையன் 9. லிஸ்ட் இப்படி வந்தது: 9, 87, 62, 45, 100. பையன் அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

சரி, தீர்வு. சார்ட்டுக்குள் ஒரு ஃபங்ஷன் கொடுங்கள், அது ஏ, பி என்று இரண்டை வாங்கிக்கொண்டு ஏ-யிலிருந்து பி-யைக் கழித்துத் தரட்டும். மைனஸ் வந்தால் ஏ முன்னால், ப்ளஸ் வந்தால் பி முன்னால். இறங்கு வரிசைக்கு பி-யிலிருந்து ஏ-யைக் கழித்தால் போதும், ரிவர்ஸ் வேண்டாம். 'ஏ பெரிதா' என்று ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் தரும் ஃபங்ஷனைச் சிலர் எழுதுவார்கள். அதில் மைனஸ் வரவே வழியில்லை, நம்பாதீர்கள். அப்புறம், சார்ட் கையில் இருக்கும் அரேவையே மாற்றிவிடும். பழைய வரிசையும் வேண்டுமென்றால், வரிசைப்படுத்திய நகலைத் தனியாகத் தரும் டூசார்ட்டட் (toSorted) ஜாவாஸ்கிரிப்டின் 2023 பதிப்பில் வந்திருக்கிறது.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மார்க்கெல்லாம் இன்புட் பெட்டியிலிருந்து வந்தவை, அதாவது ஸ்ட்ரிங். கழித்தல் ஸ்ட்ரிங்கைத் தானாக எண்ணாக்கிக்கொள்ளும், அதனால் சார்ட் ஒழுங்காக நடந்தது. கூட்டல் அப்படியில்லை, ஒட்டிவிடும். 87, 45, 62 மூன்றையும் ரெட்யூஸில் (அரேயை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ஃபங்ஷன்) 0-விலிருந்து கூட்டினால் 0874562, அதை மூன்றால் வகுத்து சராசரி 2 லட்சத்து 91 ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. உடனே, அரேயில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப்புக்குள், ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டை (parseInt) அப்படியே செருகினேன். 87 மட்டும் பிழைத்தது, மற்ற இரண்டும் நேன் (NaN, அதாவது 'எண் அல்ல'). காரணம், மேப் மதிப்போடு சேர்த்து அதன் இட எண்ணையும் (0, 1, 2 என்று) அனுப்பும், பார்ஸ்இன்ட் அந்த இரண்டாவதை எண்ணின் அடிமானம் (எத்தனை இலக்கங்களால் எண்ணுவது, வழக்கமாக 10) என்று எடுத்துக்கொள்ளும். 0 வந்தால் வழக்கமான 10 என்றே கொள்ளும், அதனால் 87 தப்பியது. அடிமானம் 1 என்று ஒன்றே கிடையாது, அடிமானம் 2-இல் 6 என்ற இலக்கமே இல்லை. அந்த இடத்தில் நம்பர் என்ற ஃபங்ஷனைப் போடுங்கள், அது முதலில் வருவதை மட்டும் பார்க்கும்.

ஆனால் வெற்று ஸ்ட்ரிங் வந்தால் நம்பர் அதை 0 ஆக்கிவிடும். பரீட்சைக்கே வராத பிள்ளைகளுக்கு நான் முட்டை போட்டது அப்படித்தான். இப்போது முதலில் ஃபில்டரில் வெற்றுப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும்தான் மேப்புக்கு அனுப்புகிறேன்.